மாப்பிள்ளைக்கு ஹெபடைட்டிஸ் பி: கல்யாணத்தை நிறுத்தத்தான் வேண்டுமா?

கொங்குப் பகுதியிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. தையில் கல்யாணம், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் ரத்ததான முகாம் நடந்தது. கொஞ்ச நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், அதாவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அன்றைக்கே இவரிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு எடுத்த பரிசோதனைகளில் ஹெச்பிஇஏஜி (வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) நெகட்டிவ், ரத்தத்தில் வைரஸின் அளவைச் சொல்லும் டிஎன்ஏ 640 யூனிட், எஸ்ஜிபிடி (கல்லீரல் புண்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதி) 28. பார்த்த மருத்துவர், "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வைரஸ் தூங்குகிறது. தேவைப்பட்டால் பின்னால் டெனோஃபோவிர் கொடுக்கலாம்" என்றிருக்கிறார்.

வாசகியின் வீட்டில் விஷயம் தெரிந்தது அண்ணனுக்கும் சித்திக்கும் மட்டும். அண்ணன் செல்போனில் டெனோஃபோவிரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இது எய்ட்ஸ் மாத்திரை. பையனுக்கு ஏதோ தப்பான பழக்கம் இருக்கு, கல்யாணத்தை நிறுத்து" என்கிறார். சித்தியோ, "காமாலைதானே? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல ஒரு மண்டலம் குடிச்சாப் போயிரும். எண்ணெய், உப்பு இல்லாம பத்தியம் இருக்கச் சொல்லு" என்கிறார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. மாப்பிள்ளையின் அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு நேரத்தில் வீட்டைக் கலவரப்படுத்த வேண்டாமென்று, விஷயத்தைச் சொல்வதை மாப்பிள்ளை தள்ளிப்போடுகிறார். அவருடைய தாய்மாமா ஒருவர், குடிப்பழக்கமே இல்லாதவர், கல்லீரல் கெட்டு ஐம்பது வயதில் இறந்திருக்கிறார்.

"ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம், முத்தம் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்திருக்குமா? கல்யாணம் செய்தால் வருமா? குழந்தைக்கு வருமா? அவருக்குக் குணமாகுமா? பள்ளிக்கூடத்தில் ஏதோ காமாலை ஊசி போட்டார்கள், எத்தனை தடவை என்று நினைவில்லை. அண்ணன் சொல்வது சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். இந்த வைரஸ் உடம்பில் எங்கே நுழைகிறது, நுழைந்தபின் என்ன செய்கிறது? அது தெரிந்துவிட்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் பாதிக்கு மேல் நீங்களே முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அதனால் கல்யாணப் பேச்சுக்கு வருமுன் கொஞ்சம் கல்லீரலைப் பற்றிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் எதைப் பிடித்து உள்ளே போகிறது?

வைரஸால் தானாகப் பெருக முடியாது. உயிருள்ள ஒரு செல்லுக்குள் போய், அந்த செல்லின் கருவிகளை வைத்துத்தான் தன்னை நகலெடுத்துக்கொள்ளும். ஆனால் எந்த செல்லுக்குள்ளும் நினைத்தபடி போய்விட முடியாது. செல்லின் மேற்பரப்பில் அதற்கென்று ஒரு புரதம் இருக்க வேண்டும். கொரோனா வைரஸ் பிடித்துக்கொண்டது ஏசிஇ2 என்ற புரதத்தை. எச்ஐவி பிடிப்பது நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் இருக்கும் சிடி4 என்ற புரதத்தை. ஹெபடைட்டிஸ் பி பிடிப்பது கல்லீரல் செல்லின் மேல் இருக்கும் என்டிசிபி என்ற புரதத்தை.

இந்த என்டிசிபி வைரஸுக்காக அங்கே இருப்பதில்லை. நாம் சாப்பிடும் கொழுப்பு செரிக்கக் கல்லீரல் பித்த உப்புகளைச் சுரக்கிறது. அவை குடலில் வேலையை முடித்துவிட்டு ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவதை ரத்தத்திலிருந்து இழுத்து செல்லுக்குள் விடுவதுதான் என்டிசிபியின் அன்றாட வேலை. அதனால் அது செல்லின் ரத்தம் பாயும் பக்கத்தில்தான் இருக்கிறது. வைரஸும் ரத்தத்தில்தான் வருகிறது.

ஹெபடைட்டிஸ் பி-யின் மேலுறைப் புரதத்தை அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க் அறுபதுகளிலேயே அடையாளம் கண்டு, 1976-இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். தடுப்பூசியும் வந்தது, மாத்திரையும் வந்தது. ஆனால் இந்த வைரஸ் செல்லில் எதைப் பிடித்து உள்ளே போகிறது என்று மட்டும் 2012 வரை யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தது பெய்ஜிங்கில் வென்ஹுய் லி என்பவரின் குழு. பெரும்பாலான ஆய்வக விலங்குகளுக்கு இந்த வைரஸ் ஒட்டாது என்பதால், ஒட்டக்கூடிய மர மூஞ்சூறு என்ற சிறு விலங்கின் கல்லீரல் செல்களை வைத்துத் தேடினார்கள். சில குரங்கு இனங்களுக்கும் என்டிசிபி இருக்கிறது. ஆனால் அதில் 157-ஆம் இடத்துக்கும் 165-ஆம் இடத்துக்கும் இடைப்பட்ட சில அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) நம்முடையதிலிருந்து மாறுபட்டிருப்பதால் வைரஸால் பிடிக்க முடிவதில்லை. அவ்வளவு சின்ன வித்தியாசம் போதும், அது உள்ளே போகாது.

இப்போது உங்கள் தட்டுக்கு வருவோம். ஒரே தட்டில் சாப்பிட்டபோது ஓரிரண்டு வைரஸ் எச்சிலில் வந்திருந்தாலும், அது போய்ச் சேர்வது வயிற்றுக்கும் குடலுக்கும். அங்கே அது பிடித்துக்கொள்ள என்டிசிபி இல்லை. ரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டினால்தான் அதற்கு வாழ்வு. சாப்பாடு, தண்ணீர், இருமல், கை குலுக்கல், ஒரே கழிப்பறை, ஒரே படுக்கை இவற்றால் ஹெபடைட்டிஸ் பி பரவுவதில்லை. முத்தத்தாலும் பரவுவதாக மருத்துவ உலகம் கருதவில்லை. தண்ணீராலும் உணவாலும் வரும் காமாலை ஹெபடைட்டிஸ் ஏ-யும் இ-யும். அவை வேறு குடும்பத்து வைரஸ்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் 'மஞ்சக்காமாலை' என்ற ஒரே பெயரில் கூப்பிடுவதால் வரும் குழப்பம் இது. ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே கிடையாது.

ரத்தமும் உடலுறவும் வேறு கணக்கு. அங்கே இந்த வைரஸ் ரொம்பத் துடிப்பானது. ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்ஐவிக்கு அது நூற்றுக்கு அரைகூட இல்லை. காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். அதனால் சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி எதையும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. இது கல்யாணத்துக்குப் பிறகும், அவர் மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வழக்கமாகவே இருக்கட்டும்.

'தூங்குகிறது' என்று சொன்னால்

வைரஸ் முதலில் கல்லீரல் செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளில் லேசாக ஒட்டும். பிறகு என்டிசிபியை இறுகப் பிடிக்கும். செல் தன் சவ்வை உள்பக்கமாக மடித்து அதை இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் மேலுறை கழன்றுவிடும். மிச்சமுள்ள கூடு செல்லின் நடுவிலிருக்கும் உட்கருவை நோக்கி நகர்ந்து, தன் மரபுப்பொருளை அதற்குள் விடும். அந்த டிஎன்ஏ முழுமையாகக்கூட இருக்காது, ஓரிடத்தில் அறுந்து அரைகுறையாக இருக்கும். நம் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் யாருடையது என்று பார்க்காமல் அதைச் சரிசெய்து, முடிச்சுப் போட்ட வட்டமாக மாற்றிக் கொடுத்துவிடும். இதைத்தான் சிசிசி டிஎன்ஏ என்கிறோம்.

உங்கள் 'குணமாகுமா?' என்ற கேள்விக்கான பதில் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. அதை மூலப்பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் செல் ஆர்என்ஏ நகல்களை எடுக்கிறது. அந்த ஆர்என்ஏவிலிருந்து வைரஸ் தன் நொதியால் மறுபடி டிஎன்ஏ செய்து, புது வைரஸாக வெளியே போகிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் இந்தக் கடைசி வேலையைத்தான் தடுக்கின்றன. ஜெராக்ஸ் போடுவது நின்றுவிடுகிறது; மூலப்பத்திரம் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. அதனால்தான் மாத்திரை ஆரம்பித்தவர்கள் பல ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கிறது, அதனால்தான் யாரும் சொல்லாமல் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் வேகமாகக் கிளம்பி, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போய்விடுகிறது.

உங்கள் அண்ணனுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். எச்ஐவியும் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ செய்யும் வைரஸ்தான். அந்த ஒரு படி இரண்டுக்கும் பொது. அதனால் டெனோஃபோவிர் இரண்டுக்கும் வேலை செய்கிறது. மாத்திரை ஒன்று என்பதற்காக நோய் ஒன்றாகிவிடாது. பரவும் வழிகள் ஒத்தவை என்ற அளவில் அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. எச்ஐவிக்கு இன்றுவரை இல்லை. உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போவது இந்த வித்தியாசம்தான்.

'தூங்குகிறது' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. நோயாளி வாசலைத் தாண்டுவதற்குள் அது 'ஒண்ணும் இல்லை' என்று மாறிவிடுகிறது. உங்கள் வருங்காலக் கணவரின் எண்கள் நல்ல எண்கள்தான். டிஎன்ஏ 2,000 யூனிட்டுக்குக் கீழே, எஸ்ஜிபிடி இயல்பு, ஹெச்பிஇஏஜி நெகட்டிவ். இந்த வைரஸ் தானாக செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் இருக்கும் செல்லை நம் எதிர்ப்பு சக்தி தாக்கும்போதுதான் கல்லீரல் புண்படுகிறது. இப்போது அந்தச் சண்டை அடங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஒருநாள் எடுத்த ரத்தத்தை வைத்து அப்படி முத்திரை குத்த முடியாது. முதல் ஒரு வருடத்துக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடியும் டிஎன்ஏவும் பார்த்து, எண்கள் அப்படியே நிற்கின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டும். அப்புறம் ஹெபடைட்டிஸ் சி, டி, எச்ஐவி பரிசோதனைகள்.

இன்னொன்று: அந்தத் தாய்மாமா. குடிக்காமல் கல்லீரல் கெட்டவர் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இருந்தது ஈரல் சுருக்கமா, புற்றுநோயா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் பி டிஎன்ஏ நம் மரபணுக்களோடு கலந்துவிடக்கூடியது, ஈரல் சுருங்காமலேயே புற்றுநோய் வர அதுவும் ஒரு காரணம். குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்திருந்தால், டிஎன்ஏ குறைவாக இருந்தாலும் மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பிக்கலாமா என்று யோசிப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் சொல்வோம். இந்தத் தகவல் அவருடைய மருத்துவருக்குப் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

அவருக்கு எப்படி வந்தது?

'தப்பான பழக்கம்' என்ற சந்தேகத்தை மருத்துவம் ஆதரிக்கவில்லை. வளர்ந்த ஒருவருக்கு இந்தத் தொற்று புதிதாக வந்தால், நூற்றில் 95 பேருக்கு மேல் எதிர்ப்பு சக்தி தானே அதை அடக்கிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் நிலைமை தலைகீழ்: நூற்றில் 90 குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். குழந்தையின் எதிர்ப்பு சக்திக்கு அது அந்நியம் என்றே தெரிவதில்லை. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யோடு உலகில் சுமார் 25 கோடிப் பேர் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் கணிசமானோர். பெரும்பகுதி பிறப்பிலோ சிறுவயதிலோ வாங்கியது. அம்மாவின் உடன்பிறந்தவருக்கும் கல்லீரல் நோய், இவருக்கும் அடங்கிய நிலையில் தொற்று. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அம்மா வழியில் வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நூறு சதவீதம் என்று நான் எழுத மாட்டேன். அதற்கு அவருடைய அம்மாவின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு மனிதரின் நடத்தையை ஹெச்பிஎஸ்ஏஜி ரிப்போர்ட்டில் படிக்க முடியாது என்பதை அண்ணனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கீழாநெல்லி

சித்தி சொன்னதைச் சிரித்து ஒதுக்கிவிட மாட்டேன். இதற்குப் பின்னால் சென்னையில் நடந்த ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு, மேலே சொன்ன அதே பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லிப் பொடியை ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்தது. 1988-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்திருந்தது. மருந்தில்லாத போலிப் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். அன்றைக்கு உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது.

பிறகு தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதன் பின் வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோட்டவர்களும், இதை நம்பிச் சிகிச்சை கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னார்கள். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் அந்த வட்ட டிஎன்ஏவை அழிக்க இன்றுள்ள மாத்திரைகளாலேயே முடியவில்லை என்பதை நினைத்துக்கொண்டால், ஒரு மண்டலத்தில் 'போயிரும்' என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியும். ஹெபடைட்டிஸ் ஏ-யும் இ-யும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடுபவை. கீழாநெல்லிக்கு ஊரில் இருக்கும் நல்ல பெயரில் பெரும்பகுதி அங்கே சம்பாதித்தது என்பது என் எண்ணம்.

மோரில் கீழாநெல்லி குடிப்பதைவிட எனக்குப் பயம் வேறு இரண்டு விஷயங்களில். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொட்டல மருந்துகளால் கல்லீரல் கெட்டு வருபவர்களை எங்கள் பிரிவில் அடிக்கடி பார்க்கிறோம். இன்னொன்று, நாட்டு மருந்தை நம்பிப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுவது. எண்ணெயும் உப்பும் இல்லாத பத்தியம் அவருக்குத் தேவையே இல்லை. நன்றாகச் சாப்பிடட்டும். மதுவை மட்டும் தொடவே கூடாது, உடம்பு எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் உங்கள் ரத்தம். ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிஎஸ் (வைரஸைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதம்), ஆன்டி-ஹெச்பிசி டோட்டல் என்று மூன்று பரிசோதனைகள் எழுதிக் கேளுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், உங்களுக்கே தெரியாமல் முன்பு எப்போதாவது தொற்று வந்து போயிருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். பள்ளியில் போட்ட ஊசி எத்தனை என்று நினைவுபடுத்திக்கொண்டு உட்கார வேண்டாம். ஆன்டி-ஹெச்பிஎஸ் அளவு 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. அரசு தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி நாடு முழுக்க வந்தது 2011-இல்தான். அதற்கு முன் பிறந்த உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு முழுத் தவணை கிடைத்திருக்காது.

பாதுகாப்பு இல்லையென்றால் தடுப்பூசி. வழக்கமான கணக்கு 0, 1, 6 மாதம். உங்களுக்கு நான்கு மாதம்தான் இருப்பதால், 0, 1, 2 மாதம் போட்டுவிட்டு, 12-ஆம் மாதம் நான்காவது ஊசி போடும் விரைவு முறையை மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றாவது ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஆன்டி-ஹெச்பிஎஸ் பார்க்க வேண்டும். இந்த வாரமே ஆரம்பித்தால் முகூர்த்தத்துக்குள் ரிசல்ட் கையில் இருக்கும். எண் 10-ஐத் தாண்டும் வரை ஆணுறை கட்டாயம். பெரியவர்களில் சிறு பகுதியினருக்கு முதல் சுற்றில் எதிர்ப்பு வருவதில்லை. அப்படியானால் இன்னொரு சுற்று போடுவோம். அதுவரை கல்யாணத்தைத் தள்ளிவைக்கத் தேவையில்லை, ஆணுறையைத்தான் தள்ளிவைக்கக் கூடாது.

இந்தத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸோ செத்த வைரஸோ இல்லை. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறார்கள், 1986-லிருந்து இப்படித்தான். அதைப் பார்த்துப் பழகிய உங்கள் உடம்பு எதிர்ப்புப் புரதங்களைச் செய்து வைத்துக்கொள்ளும். பின்னால் நிஜ வைரஸ் ரத்தத்தில் வந்தால், கல்லீரலை எட்டுமுன்பே அதன் மேல் இவை அப்பிக்கொள்ளும். மேற்பரப்பு மூடப்பட்ட வைரஸால் கல்லீரல் செல்லைப் பிடிக்க முடியாது. உள்ளே போன பிறகு துரத்துவது கடினம், போகவிடாமல் தடுப்பது எளிது. வைரஸ் பிடிப்பதற்கு முன்பே என்டிசிபியை மறித்துக்கொள்ளும் புலெவிர்டைட் என்ற ஊசி மருந்தும் ஐரோப்பாவில் 2020-இல் அனுமதி பெற்றது. ஆனால் அது ஹெபடைட்டிஸ் டி-யும் சேர்ந்து தொற்றியவர்களுக்கானது. உங்கள் இருவருக்கும் இப்போது அதில் வேலை இல்லை.

குழந்தையைப் பற்றி: பிரசவத்தில் குழந்தைக்குப் போவது தாயின் ரத்தத்திலிருந்துதான். நீங்கள் தொற்று இல்லாமல், பாதுகாப்போடு இருந்தால், அப்பாவிடமிருந்து கருவுக்கு வந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 6, 10, 14 வாரத்தில் ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசி என்று எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதையே உங்கள் குழந்தைக்கும் தவறாமல் போட்டால், அப்பா தூக்கிக் கொஞ்சுவதில் எந்தத் தடையும் இல்லை.

ஒருவேளை உங்களுக்கே ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்தால், அதை முத்தத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உங்கள் அம்மா, அண்ணன் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

அவருடைய அக்கா

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். தம்பிக்குத் தாய் வழியில் வந்திருக்கலாம் என்றால், அக்காவுக்கும் வந்திருக்கலாம். அவர் இப்போது ஏழு மாதம். கர்ப்பிணிகளுக்கு ஹெச்பிஎஸ்ஏஜி பார்ப்பது வழக்கம். அவருடைய கர்ப்பகால அட்டையிலேயே ரிசல்ட் இருக்கலாம். இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் என்று இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், அல்லது பார்க்கவே இல்லையென்றால், ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பாசிட்டிவாக இருந்து டிஎன்ஏ அளவும் அதிகமாக இருந்தால், கர்ப்பத்தின் இந்தக் கட்டத்தில் டெனோஃபோவிர் ஆரம்பிப்போம். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு, தயார்நிலையில் எதிர்ப்புப் புரதம் உள்ள இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவோம். இவ்வளவும் செய்தால் குழந்தை தப்பிவிடும் வாய்ப்பு மிக அதிகம். செய்யாமல் விட்டால், பாசிட்டிவான தாயிடமிருந்து குழந்தைக்குப் போய் வாழ்நாள் முழுக்க நிலைத்துவிடலாம். இம்யூனோகுளோபுலின் எல்லா மருத்துவமனையிலும் எப்போதும் கையிருப்பில் இருக்காது. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அதனால் 'வளைகாப்பு முடியட்டும்' என்று அவர் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய தயக்கம் புரிகிறது. அம்மா வழியில் வந்தது என்று சொன்னால், அந்த அம்மா தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வார். அவருக்கும் யாரிடமிருந்தோ வந்ததுதான், அந்தக் காலத்தில் பரிசோதனையும் இல்லை, ஊசியும் இல்லை என்று மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லையென்றால் இருவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும். இப்படிச் சொல்வது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அம்மாவும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர்தான். இந்த வயதில் அவருக்கு ஈரல் சுருக்கம் ஆரம்பித்திருந்தால் அது சத்தம் போடாது.

இதை நீங்கள் போய் அவர்கள் வீட்டில் சொல்லாதீர்கள். அவருடைய உடம்பு விஷயம். அவர் வாயிலிருந்து வருவதுதான் முறை. அதேபோல, உங்கள் பெற்றோரிடம் எவ்வளவு சொல்வது என்பதையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அண்ணனுக்குத் தெரிந்த பிறகு ரொம்ப நாள் மறைத்து வைக்க முடியுமா என்பது சந்தேகம்தான். அரைகுறையாகக் கசிவதைவிட, உங்கள் பரிசோதனை முடிவும் முதல் ஊசியும் ஆன பிறகு நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது.

கல்யாணத்தைச் செய்யலாமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவ ரீதியில் நிறுத்துவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ரிசல்ட் வந்த அன்றே சொன்ன ஒருவரைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆயுசு முழுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்க்கத் தயாரா, மது இல்லாமல் இருக்கத் தயாரா? 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே' என்று இரண்டு வருடத்தில் பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுபவர்கள்தான் பத்து வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்து எங்களிடம் வருகிறார்கள்.

செலவு ஒரு தடையாக இருந்தால், 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். ரத்த வங்கி கொடுத்த தாள், அதற்குப் பின் எடுத்த எல்லா ரிப்போர்ட்டும், தாய்மாமாவின் பழைய மருத்துவச் சீட்டு கிடைத்தால் அதுவும், அக்காவின் கர்ப்பகால அட்டையின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.